மயானத்தில் முறை



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்க ஐயா" என்றுதான் அறக்கட்டளைக்காரர்கள் அழைத்தார்கள். மயானத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தத் தம்பி தயங்கித் தயங்கி, "ஆத்தா ஊருங்க ஐயா, வேற ஏதாச்சும்..." என்று இழுத்தார். கௌமாரியம்மன் குடியிருக்கும் இந்த வீரபாண்டியில் சாவைப் பேசுவதா என்ற தயக்கம். எனக்கும் புரிந்தது. ஆனால் அம்மை கண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த சனங்கள் அழுது அழுது கும்பிட்ட தெய்வம்தானே மாரி? அவளுக்குத் தெரியாத சாவா? கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

நான் பேரூராட்சியில் எழுத்தராகச் சேர்ந்து செயல் அலுவலராக ஓய்வு பெற்றவன். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, வீட்டு வரி என்று வந்த மனுக்களுக்குக் கணக்கில்லை. மயானத்துக்கென்று மட்டும் யாரும் முன்கூட்டி மனுக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பிரச்சினை வரும்போது பிணத்தோடுதான் வரும். சாலையில் பாடையை இறக்கி வைத்துவிட்டு, தாசில்தார் வரட்டும், டி.எஸ்.பி. வரட்டும் என்பார்கள். கேத வீட்டு வாசலில் நின்று சட்டப் புத்தகத்தைப் பிரிக்க எந்த அதிகாரிக்கும் வாய் வராது. பிரித்தாலும் கேட்க அங்கே ஆள் இருக்காது. அன்றைக்கு எதைச் சொன்னால் கூட்டம் கலையுமோ அதைச் சொல்லிவிட்டு வருவோம். அடுத்த சாவுக்கு அதுவே முன்னுதாரணமாகிவிடும். இப்படித்தான் நம் மயானங்களின் விதிகள் உண்டாகியிருக்கின்றன. யாரும் இல்லாத நேரத்தில், யாருடைய சாவையும் மனத்தில் வைக்காமல், இதைப் பேசிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இன்று வாய்த்திருக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் முறை என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கும் ஒரே நாளில் பாய முடியாது. தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துத்தான் விடுவார்கள். இன்றைக்கு உன் மடை, நாளைக்கு என் மடை. முறை என்றால் விதி. முறை என்றால் வரிசையும்கூட. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் வயல் நிறைந்த பிறகும் மடையை அடைக்காதவனை ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பொது மயானமும் அப்படி ஒரு பொதுத் தண்ணீர்தான். ஒருவர் கிடந்த இடம் காலப்போக்கில் இன்னொருவருக்கு ஆகும். ஓர் ஏக்கரில் ஓர் ஊர் முந்நூறு ஆண்டு செத்துக்கொண்டிருக்க முடிந்ததன் சூட்சுமம் அதுதான். அதில் ஒருவர் சிமெண்ட் போட்டு, கிரானைட் பதித்து, கம்பிக் கதவும் பூட்டும் மாட்டினால், அவர் மடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகிறார் என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிணம் புதைப்பதும் எரிப்பதும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 10-வது இனம் அது. நகர்ப்புற உள்ளாட்சிகளின் வேலைகளைச் சொல்லும் பன்னிரண்டாவது அட்டவணையில் 14-வது இனமாக இடுகாடும் சுடுகாடும் மின் தகன மேடையும் வருகின்றன. அதாவது டெல்லிக்கு இதில் பேச்சில்லை. சென்னை சட்டம் செய்யும், செயல்படுத்த வேண்டியது நம் ஊர் மன்றம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வீரபாண்டி பேரூராட்சி. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் நெடுங்காலம் இதை ஆண்டது; இப்போது 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் ஆள்கின்றன. எல்லைக் கல்லைத் தாண்டிப் பக்கத்து ஊராட்சிக்குள் கால் வைத்தால் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும், இடுகாடு சுடுகாடு பற்றிய 1999-ஆம் ஆண்டு விதிகளும். ஒரே வாய்க்காலின் இந்தக் கரையில் செத்தால் ஒரு சட்டம், அந்தக் கரையில் செத்தால் இன்னொரு சட்டம். சாரம் என்னவோ ஒன்றுதான்: மயானம் என்று பதிவான அல்லது உரிமம் பெற்ற இடத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும், புதிதாக மயானம் திறக்க உரிமம் வேண்டும், இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பதும் பராமரிப்பதும் உள்ளாட்சியின் கடமை.

1999 விதிகளில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய எண் 90. குடியிருப்பிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. தார்ச்சாலை ஓரத்தில் நின்று 90 மீட்டர் தள்ளிப் பார்த்தால் கொஞ்ச தூரமாகத்தான் தெரியும். ஆனால் இந்தப் பக்கத்து நிலத்தில் 90 மீட்டருக்குள் ஒரு கிணறோ ஆழ்துளைக் குழாயோ இல்லாத இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். கூடலூரிலிருந்து கீழே இறங்கி வந்தால், ஊர் ஊருக்கு மயானம் ஆற்றங்கரையில்தான். குளிக்க, நீர்மாலை எடுக்க, சாம்பல் கரைக்கத் தண்ணீர் வேண்டுமே. சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க லட்சம் பேர் முங்கி எழுவதும் இதே ஆறு. எத்தனையோ ஊர்களின் குடிநீர்த் திட்டங்களுக்குத் தாயும் இதே ஆறு. நம் முன்னோர் மயானத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சட்டம் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆற்றிலிருந்து குழாய் போட்டு மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றவில்லை.

அடுத்து, நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று: சொந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்வது. "எங்க ஐயா உழைச்ச மண்ணு, எங்க பட்டா, எவன் கேக்குறது?" இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு அதை முடித்துவைத்தது. பட்டா நிலமாக இருந்தாலும் மயானமாகப் பதிவோ உரிமமோ இல்லாத இடத்தில் புதைக்க முடியாது. பட்டா என்பது உழவும் விற்கவும் கொடுத்த உரிமை. மயானம் திறக்கக் கொடுத்த உரிமை அல்ல. இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் புதைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் வழக்குப் போட்டு, தோண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அந்தக் குடும்பம் இரண்டாவது முறை அழ வேண்டும்.

பெரிய மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

2018 ஆகஸ்ட் 7 மாலை கலைஞர் கருணாநிதி மறைந்தார். மெரினாவில் அண்ணாவுக்குப் பக்கத்தில் இடம் கேட்டார்கள். அன்றைய அரசு, கடற்கரை ஒழுங்குமுறை விதிகளையும் நிலுவையில் இருந்த வழக்குகளையும் சொல்லி, கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகில் இரண்டு ஏக்கர் தருகிறோம் என்றது. இரவோடு இரவாக வழக்கு. பொறுப்புத் தலைமை நீதிபதி குலுவாடி ரமேஷும் நீதிபதி சுந்தரும் நீதிபதியின் வீட்டிலேயே உட்கார்ந்து விசாரித்தார்கள். மெரினா நினைவிடங்களை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தவர்கள் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறுநாள் காலை அனுமதி கிடைத்தது. மாலையில் அடக்கம். சரியா தவறா என்று நான் பேச வரவில்லை. 1969-இல் அண்ணாவையும் 1987-இல் எம்.ஜி.ஆரையும் 2016-இல் ஜெயலலிதாவையும் அங்கே வைத்த ஊரில், நான்காவது ஒருவருக்கு மட்டும் விதியைச் சொன்னால் அது விதியாக யார் காதிலும் விழாது. விழவில்லை. முதல் சமாதிக்கு முன்னால் பேசியிருக்க வேண்டியதை நான்காவது சமாதியின்போது பேசினார்கள். அவ்வளவுதான் என் கருத்து.

2024 ஜூலை 5-ஆம் தேதி பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். கட்சி அலுவலகத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று குடும்பம் கேட்டது. மாநகராட்சி மறுத்தது. 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றும் நீதிபதி பவானி சுப்பராயன் வழக்கை எடுத்து விசாரித்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் விஜயகாந்தைக் கோயம்பேட்டில் கட்சி அலுவலகத்திலேயே அடக்கம் செய்ய விட்டீர்களே என்று கேட்டார்கள். அந்த இடம் 27,000 சதுர அடி, இது நெருக்கமான குடியிருப்புத் தெரு என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. முடிவில் திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில், உறவினர் ஒருவரின் தனியார் நிலத்தில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அந்தப் பதிலை யோசித்துப் பாருங்கள். சதுர அடி பெரிதாக இருந்தால் வீடு சூழ்ந்த நகரத்துக்குள்ளும் அடக்கம் செய்யலாம் என்றால், மயானம் என்பது இடம் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடாதா? நடந்த கொலையின் கொடுமை வேறு, துக்கத்தின் நியாயம் வேறு. ஆனால் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்த நிர்வாகம் அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு முன்னால் எப்படி நிமிர்ந்து பதில் சொல்லும்?

இன்னும் ஒன்று. சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் ஒரு கிறித்தவப் போதகர் 2025 ஜனவரி 7-இல் இறந்தார். சொந்த ஊர் மயானத்தில் புதைக்க ஊர் விடவில்லை. சொந்த நிலத்தில் புதைக்கிறேன் என்று மகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 20 நாள் உடல் பிணவறையில் கிடந்தது. ஜனவரி 27-இல் தீர்ப்பு வந்தது. இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நீதிபதி நாகரத்னா சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார். நீதிபதி சதீஷ் சந்திர சர்மா ஒதுக்கிய இடத்தில்தான் என்றார். உடல் இன்னும் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே இருவரும் ஒத்துப்போய், வேறோர் ஊரில் கிறித்தவர்களுக்கென இருந்த இடுகாட்டுக்கு அனுப்பினார்கள். பிணம் காத்திருக்கும்போது எழுதப்படும் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

சரி, புதைப்பது இருக்கட்டும், மேலே கட்டுவது?

கரியா என்ற சிறு நாட்டை ஆண்ட மௌசோலஸ் கி.மு. 353-இல் செத்தபோது அவன் மனைவி ஒரு மலை போன்ற கல்லறையைக் கட்டினாள். உலகத்து ஏழு அதிசயங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தார்கள். அவன் பெயரிலிருந்துதான் பெருங்கல்லறைக்கு மேல்நாட்டு மொழிகளில் பெயரே வந்தது. அவன் என்ன ஆட்சி செய்தான் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

நம் பக்கத்தில் அதற்கும் ஏறத்தாழ சமகாலத்திலேயே வேறு வழி இருந்தது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள், தமிழி எழுத்துப் பொறித்தவை; இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை அவை. அதில் ஒன்று, கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்டது. நம் கூடலூர்தான் அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒரு கல். சில சொற்கள். ஊர், பெயர், செத்த காரணம். அவ்வளவே. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு துறை வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்தில் முடிகிறது. இதில் நான் கவனிப்பது ஒன்று உண்டு. நினைவுச் சின்னத்துக்கும் முறை வகுக்க வேண்டும் என்று நினைத்த இலக்கணக்காரன் நம் ஆள். சின்னமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அவரவர் வசதிப்படி என்றும் விடவில்லை. மணிமேகலை காட்டும் சுடுகாட்டில் எரிப்பவரும், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவரும், குழி தோண்டுகிறவரும், தாழியில் கவிழ்க்கிறவரும் ஒரே கோட்டத்துக்குள் இருக்கிறார்கள். நம் பள்ளத்தாக்கிலும் இன்றுவரை அப்படித்தான். எரிக்கிற சாதி, புதைக்கிற சாதி, உட்கார வைத்துப் புதைக்கிறவர்கள் எல்லோரும் உண்டு. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் கபர்ஸ்தானில் மண் மேடுதான் மரபு. இராயப்பன்பட்டியில் நவம்பர் 2-இல் கல்லறைகளுக்குப் பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வசதியான ஒரு குடும்பம் பொது மயானத்தில் தகப்பனாருக்குச் சமாதி கட்டியது. முதலில் ஒரு மேடை. முதலாண்டு திதிக்குள் நான்கு தூணும் கூரையும் வந்தன. மூன்றாமாண்டு சுற்றுச்சுவர், கதவு, பூட்டு. நோட்டீசைத் தட்டச்சு அடித்தவன் நான்தான். கையெழுத்தாகாமல் கோப்பிலேயே கிடந்தது, ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்குத் துக்கம் இன்னும் ஆறவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். துக்கம் ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொருவர் கட்டினார். அவருக்கு நோட்டீஸ் கொடுத்தால் "அவுகளுக்கு ஏன் கொடுக்கல?" பத்து ஆண்டில் பதினான்கு சமாதி. பிறகு ஒரு மழைக்காலத்தில், கூலி வேலை செய்த ஒரு பாட்டியைப் புதைக்கக் குழி வெட்டினவர் நான்கு இடத்தில் கடப்பாரையைப் போட்டு, நான்கு இடத்திலும் சிமெண்ட் தட்டி, ஐந்தாவதாக வாய்க்கால் கரையில் போய் வெட்டினார். அந்த வாய்க்கால் கரை மயானத்துக்கு வெளியே. பாட்டிக்கு 90 மீட்டரெல்லாம் யாரும் அளக்கவில்லை.

அந்தக் கோப்பு என் மனத்தில் இன்னும் மூடவில்லை. இத்தனைக்கும் சட்டத்தில் சந்தேகமே இல்லை. மயானம் என்பது வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. அ-பதிவேட்டைத் திறந்தால் புல எண்ணுக்கு நேராக எழுதியிருக்கும். அங்கே யாருக்கும் பட்டா கிடையாது, நூறாண்டு சமாதி இருந்தாலும் உரிமை பிறக்காது. அனுமதியில்லாமல் கட்டினால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே போதும். சட்டம் இருந்தும் எங்களிடம் இல்லாதது, எது வரை கட்டலாம் என்று முன்கூட்டிச் சொன்ன ஒரு தீர்மானம். எல்லாமே தப்பு என்றால் எதையும் தடுக்க முடியாது. ஒரு கல் வைக்கலாம், இந்த அளவு, இதற்கு மேல் கூடாது என்று எழுதி வைத்திருந்தால், மேடை கட்டின அன்றே சொல்லியிருக்கலாம்.

மற்ற நாடுகளில் இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். பிரான்சில் நெப்போலியன் 1804-இல் ஓர் ஆணை போட்டான். கோயிலுக்குள்ளும் ஊருக்குள்ளும் புதைக்கக் கூடாது. ஆளுக்குத் தனிக் குழி. ஐந்து ஆண்டுக்குப் பிறகு அந்தக் குழியை மறுபடி பயன்படுத்தலாம். கல்லறை கட்ட ஆசைப்பட்டால் தனியாகப் பணம் கட்டி இடம் வாங்கிக்கொள்ள வேண்டும். பாரிஸின் பெயர்பெற்ற பெர்-லாஷேஸ் கல்லறைத் தோட்டம் அந்த ஆண்டில் திறந்ததுதான். சிங்கப்பூரில் 1998-லிருந்து குழிக்கு ஆயுள் 15 ஆண்டு; அதன் பிறகு தோண்டியெடுத்து, மதத்துக்கேற்ப எரிப்பார்கள் அல்லது சிறிய இடத்தில் மறுபடி புதைப்பார்கள். லண்டனில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 75 ஆண்டு கடந்த குழியின் மேல் அறிவிப்பு ஒட்டி வைத்து, உறவினர் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால், எலும்புகளை அதே குழியில் இன்னும் ஆழமாக இறக்கிவிட்டு மேலே இன்னொருவருக்கு இடம் கொடுக்கிறார்கள். மறுத்தால் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த லண்டன் வழி. குழிக்கு மேலேயே காகிதம் ஒட்டிக் கேட்கிறார்களே, அந்த மரியாதை. சென்னையில் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம் நிறைந்து வழிந்தபோது, குடும்பக் குழியை 14 ஆண்டு கழித்தே மறுபடி திறக்கலாம் என்ற பழைய விதி கிறித்தவக் குடும்பங்களை வெகுகாலம் திண்டாட வைத்தது. கேட்டுக் கேட்டு, அண்மையில்தான் அரசு அதைத் தளர்த்தியது.

இங்கிலாந்தைப் பேசிவிட்டு பென்னிகுயிக்கைப் பேசாமல் இறங்கினால் என்னை இந்த மேடையிலிருந்து விட மாட்டீர்கள். முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி, 1911 மார்ச் 9-இல் இறந்த அவரைச் சர்ரே மாவட்டத்து ஃப்ரிம்லியில் புனித பேதுரு கோயில் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். நூறு ஆண்டு முடிந்தால் கல்லறையை இடித்துவிடுவார்கள், நம் ஆட்கள் போய்த் தடுத்தார்கள் என்று பள்ளத்தாக்கு முழுக்க ஒரு கதை உண்டு. கொஞ்சம் திருத்திக்கொள்வோம். அந்த நூறு, நகர மன்றங்கள் நடத்தும் கல்லறைத் தோட்டங்களுக்கான 1977-ஆம் ஆண்டு ஆணையில் வருகிறது: புதைகுழி உரிமையை அதிகபட்சம் 100 ஆண்டுக்குத்தான் கொடுக்கலாம், வேண்டுமானால் நீட்டிக்கலாம். கோயில் வளாகம் வேறு கணக்கு. அங்கே குழி யாருக்கும் சொந்தமில்லை. மேலே நிற்கும் கல் மட்டும் வாரிசுகளுக்குச் சொந்தம். அந்தக் கல்லைத் தொட வேண்டுமானால் மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். முல்லையாற்றுத் தண்ணீர் குடிக்கிற நமக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அந்த வளாகத்து விதிக்கு முன்னால் அவரும் ஒரு பங்குக்காரர், அவ்வளவே. 2022 செப்டம்பரில் தமிழக அரசு சிலை வைத்ததுகூடக் கல்லறையில் அல்ல, கேம்பர்லி பூங்காவில். இங்கே லோயர் கேம்ப் மணிமண்டபம், 2013 ஜனவரி 15-இல் திறந்தது, உடல் இல்லாத நினைவிடம். நினைவுக்கு உடல் தேவையில்லை, மயானத்து இடமும் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நாம் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தோம், தேனிப் பேருந்து நிலையத்துக்கு வைத்தோம். எந்தப் பிணத்தின் இடத்தையும் அது பிடிக்கவில்லை.

அதே அணையைக் கட்டியபோது நோயில் இறந்தவர்கள் மட்டும் 483 பேர் என்று கணக்கு உண்டு. அணைக்கு வடக்கே ஒரு கல்லறைக் காட்டில் புதைத்தார்கள். மலேரியாவும் காலராவும் தின்ற அந்தக் கூலிகள் நம் மதுரைச் சீமைக்காரர்கள். பொங்கலுக்குப் பென்னிகுயிக் படத்துக்குப் பால் ஊற்றும்போது அவர்களையும் நினைத்தால் நல்லது. இது இன்றைய தலைப்புக்கு வெளியே போகிறது, மன்னிக்கவும்.

திரும்ப வருகிறேன். மயானத்து விதி யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் பாதை மற்ற சாதியாரின் நிலத்தில் இருந்ததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். காணொளியைப் பார்த்து உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். அதன் பிறகுதான், அடக்கத்தைத் தடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அதே காலத்தில் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். கைக்குழந்தையைக்கூட விடவில்லை. 2021-இல்தான் ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். 2024-இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஆகவே விதி வேண்டும் என்று நான் சொல்லும்போது, விதியைக் காட்டிப் பிணத்தை நிறுத்துகிறவர்களுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 90 மீட்டர் அளந்து எளியவரை நிறுத்துகிற டேப்பை முதலில் கிரானைட் சமாதியின் சுற்றுச்சுவரில் பிடிக்க வேண்டும். சாதிக்கொரு மயானம் என்று பலகை மாட்டியிருக்கும் ஊரில் இட நெருக்கடி என்று பேசுவதே பொய். ஒரு பக்கம் முள் மண்டிக் கிடக்கும், இன்னொரு பக்கம் எலும்பு மேல் எலும்பு விழும்.

இந்த அவையில் பேரூராட்சி மன்ற உறுப்பினர்கள் சிலரைப் பார்க்கிறேன். உங்களிடம் ஒரு விண்ணப்பம். மயானத்தை நில அளவரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் நடுங்கள். புலப்படத்தைப் பெரிதாக வரைந்து அலுவலகச் சுவரில் மாட்டுங்கள். அடக்கப் பதிவேடு ஒன்று வையுங்கள். 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படியே மயானப் பொறுப்பாளர் இறப்பைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், ஆகவே இது புதிய வேலையல்ல. யார், எந்த நாள், எந்த இடம் என்று மூன்று கட்டம் போதும். ஒரு குடும்பம் எந்த அளவில் கல் வைக்கலாம், எத்தனை ஆண்டு வைக்கலாம், அதன் பிறகு யாருக்கு அறிவித்து எடுப்பது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். கூரைக்கும் சுவருக்கும் பூட்டுக்கும் இடமில்லை என்று அதில் எழுதுங்கள். பாதை எல்லோருக்கும் ஒன்று என்பதையும் எழுதுங்கள். ஏற்கெனவே கட்டியவர்களை இடிக்கச் சொல்லி நான் வரவில்லை. அவர்களை உட்கார வைத்து, கதவையும் பூட்டையும் மட்டுமாவது எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்; எடுப்பார்கள்.

இத்தனைக்கும் மன்றக் கூட்டப் பொருள் நிரலில் ஒரு வரி போதும். ஊரில் கேதம் எதுவும் இல்லாத ஒரு மாதமாகப் பார்த்து அந்த வரியைச் சேருங்கள்.